குடவோலை கண்ட ஊரும் தேடுபொறியின் வரிசையும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு பொறிக்கப்பெற்றுள்ளன. முன்னது கி.பி. 919ஆம் ஆண்டினது, பின்னது கி.பி. 921ஆம் ஆண்டினது. ஊரவையின் வாரியங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைத் தேர்ந்தெடுக்கலாகாது, எம்முறையில் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்னும் மூன்றையும் அவை ஐயந்திரிபற வரையறுத்துக் கூறுகின்றன. முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பெற்ற அவ்வூரில், தகுதியுடையார் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பெற்றன. அவ்வோலைகள் குடும்புவாரியாகக் கட்டப்பெற்றுக் குடத்தில் இடப்பெற்றன. இளையோரும் முதியோரும் கூடிய அவையின் நடுவே அக்குடம் எல்லாரும் காண உயர்த்திக் காட்டப்பெற்றது. உள்ளிருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவன் கையால் ஓலை எடுக்கப்பெற்றது. அவ்வோலையை வாங்கும் நடுவன், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுப் படித்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பெற்றது. விரலிடுக்கில் வேறோலையை மறைத்துவைத்து மாற்றிவிடலாகாது என்பதே அவ்விதியின் கருத்தாதல் வெளிப்படை.

யார் தகார் என்னும் பகுதியே இக்கல்வெட்டுகளின் உயிர்ப்பகுதி. வாரியத்தில் அமர்ந்து கணக்குக் காட்டாதவன் தகான். அவனுடைய நெருங்கிய உறவினரும் தகார். பிறர் பொருளைக் கவர்ந்தவன் தகான். பொய்யாவணம் எழுதியவன் தகான். அண்மையில் மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவனும் மீண்டும் உடனே வருதலாகாது. தீயவர் ஒழிந்து நல்லவர் தழைத்தல் வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கம் என்று கல்வெட்டே கூறுகின்றது. முதல் ஏற்பாடு செய்யப்பெற்ற இரண்டாண்டுகளிலேயே அது திருத்தியமைக்கப்பெற்றது என்பதும் கருதத்தக்கது. வயது எல்லை முப்பது முதல் அறுபது என்றிருந்தது, முப்பத்தைந்து முதல் எழுபது என்றாயிற்று. விதி என்பது ஒருமுறை எழுதி முடித்துவிடும் பொருளன்று; அதனைச் சுற்றிக் கடக்க முயல்வார் உள்ளவரை அதனைத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதனை அவ்வூரார் அறிந்திருந்தனர்.

ஆயிரத்து நூறாண்டுகட்கு முன் ஓர் ஊரார்க்கு எழுந்த அதே வினா இன்று உலகத்தார் முன் வேறு வடிவில் நிற்கின்றது. கோடிக்கணக்கான வலைப்பக்கங்களுள் எது முன்னிற்றற்குரியது? எது பின்தள்ளப்படுதற்குரியது? அதனை யார், எம்முறையில் முடிவு செய்வது? ஒருவன் ஒரு சொல்லைத் தட்டி வினவுகின்றான். நொடிப்பொழுதில் பத்து விடைகள் அவன் கண்முன் நிற்கின்றன. பதினோராவது விடையைப் பார்ப்பார் அரியர். எனவே, முதற்பத்துள் இடம் பெறாதது இல்லாததாகவே கருதப்படுகின்றது. இந்நிலையில், தேடுபொறியின் வரிசையில் தமிழ்ப் பக்கங்கள் நேரிய வழியில் முன்னேறுவது எவ்வாறு என்பது வணிகர்க்கு மட்டும் உரிய வினா அன்று. தமிழ் பற்றிய உண்மை உலகத்தார்க்கும் தமிழிளைஞர்க்கும் சென்றடையுமா என்பது பற்றிய வினாவும் ஆகும்.

தேடுபொறி செய்யும் வேலை மூன்று. முதலாவது, ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்புகளைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து பக்கங்களைத் தேடிக் காணுதல். இரண்டாவது, கண்ட பக்கங்களிலுள்ள சொற்களை நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போல வகுத்து வைத்தல். மூன்றாவது, ஒருவர் வினவும்பொழுது அவ்வடைவிலிருந்து பொருந்துவனவற்றை எடுத்துத் தகுதிப்படி நிரல்படுத்திக் காட்டுதல். முன்னிரண்டும் உழைப்பு, மூன்றாவதே தீர்ப்பு.

அத்தீர்ப்பிற்குரிய ஒரு பெருவழியை 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இசுடான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களாகிய இலாரி பேச்சு, செர்கேய் பிரின் ஆகிய இருவரும் வெளியிட்டனர். ஒரு பக்கத்தை எத்தனைப் பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்கள் எத்துணை மதிப்புடையன என்பதனைக் கொண்டு அப்பக்கத்தின் மதிப்பைக் கணித்தல் என்பதே அவ்வழி. இது தமிழறிஞர்க்குப் புதிதன்று. உரையாசிரியர்கள் ஒரு நூலை மேற்கோள் காட்டினால் அந்நூல் மதிப்புப் பெறுகின்றது. பேருரையாசிரியர் பலர் காட்டினால் பெருமதிப்புப் பெறுகின்றது. வளையாபதி முழுநூலாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்துக் காட்டியும் தொகுத்தும் வைத்த பாடல்களாலேயே இன்று அறியப்படுகின்றது. சான்றோர் சுட்டு ஒன்றே ஒரு காப்பியத்தின் பெயரை அழியாமற் காத்தது. வலைப்பக்கத்தின் இணைப்பும் அத்தகைய சுட்டே. இன்று தேடுபொறிகள் இணைப்போடு நூற்றுக்கணக்கான வேறு குறிப்புகளையும் கருதுகின்றனவாயினும் அடிப்படை மாறவில்லை.

எங்குத் தகுதிக்கு முதலிடம் உண்டோ அங்கே தகுதியுடையார் போல் நடிப்பார்க்கும் குறைவில்லை. தேடுபொறியை ஏமாற்றும் வழிகள் பல. ஒரே சொல்லைப் பொருளின்றி நூறுமுறை அடுக்குதல். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் எழுதுவது போல், படிப்பார் கண்ணுக்குத் தெரியாமற் சொற்களை ஒளித்து வைத்தல். பொறிக்கு ஒரு பக்கமும் மாந்தர்க்கு வேறொரு பக்கமும் காட்டுதல். இணைப்புகளை விலைக்கு வாங்குதல். பிறர் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் திருடித் தம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுதல். இவற்றுள் இறுதியது தமிழில் மிகுதி. ஓரிடத்தில் எழுதப்பெற்ற பிழை பத்திடங்களிற் படியெடுக்கப்பெறுகின்றது. பத்திடத்தில் இருத்தலானே அது மெய்யெனவும் கொள்ளப்படுகின்றது.

இவ்வழிகள் நிலைப்பனவும் அல்ல. செருமனி நாட்டின் பி.எம்.டபிள்யூ. மகிழுந்து நிறுவனம் பொறிக்கென ஒரு முகமும் மாந்தர்க்கென ஒரு முகமும் காட்டும் பக்கங்களை வைத்திருந்தமை கண்டு, 2006ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அதன் செருமானிய வலைத்தளத்தையே கூகுள் தன் அடைவிலிருந்து நீக்கியது. அந்நிறுவனம் அப்பக்கங்களை அகற்றிய பின்னரே மீண்டும் சேர்க்கப்பெற்றது. அமெரிக்காவின் சே.சி. பென்னி என்னும் பெருவணிக நிறுவனத்தின் தளத்திற்கு, தொடர்பற்ற ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து விலைகொடுத்த இணைப்புகள் இடப்பெற்றிருந்தமையை 2011 பிப்பிரவரியில் நியூயார்க்கு டைம்சு நாளிதழ் வெளிப்படுத்தியது. ஒரு பயணப்பெட்டி பற்றிய தேடலில் மாலை ஏழு மணிக்கு முதலிடத்தில் நின்ற அந்நிறுவனம், இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்திற்கு வீழ்ந்தது. அதே திங்களில், தரங்குறைந்த பக்கங்களைப் பின்தள்ளும் 'பாண்டா' என்னும் திருத்தத்தையும், 2012 ஏப்பிரலில், பொய்யிணைப்புகளைக் களையும் 'பெங்குவின்' என்னும் திருத்தத்தையும் கூகுள் நடைமுறைப்படுத்தியது. வலைப்பக்கத்தின் மறைவான தலைப்பகுதியில் திறவுச்சொற்களை அடுக்கிவைக்கும் பழைய வழக்கம் வரிசைப்படுத்துதற்குக் கருதப்படுவதில்லை என்பதும் 2009 செப்தம்பரிலேயே அறிவிக்கப்பெற்றுவிட்டது. அங்ஙனமிருந்தும், அச்சொல்லடுக்கினைச் செய்துகொடுத்துக் கூலி வாங்குவார் இன்றும் உளர். மாந்தர் எழுதினாலும் பொறி எழுதினாலும், வரிசையில் முந்துதலொன்றே கருதி மொத்தம் மொத்தமாக ஆக்கிக் குவிக்கும் பக்கங்கள் ஏமாற்றாகவே கருதப்படும் என்பது 2024 மார்ச்சில் வெளிவந்த விதி.

'உங்கள் கடையைத் தேடுபொறியில் முதலிடத்திற்குக் கொண்டுவருகின்றோம்' என்று உறுதி கூறிப் பொருள் பெறுவார் சிற்றூர்களையும் விட்டுவைப்பதில்லை. சிறு வணிகரும், பள்ளி நடத்துவோரும், நெசவாளரும் இச்சொல்லை நம்பி இழப்பெய்துகின்றனர். முதலிடத்திற்கு எவராலும் உறுதி தரவியலாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுக் குறிப்பில் எழுதி வைத்துள்ளது. நேரிய முயற்சியின் பயன் தெரியவும் பெரும்பாலும் நான்கு திங்கள் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று அந்நிறுவனத்தாரே கூறியுள்ளனர். விதைத்த மறுநாளே கதிர் அறுத்துத் தருவேன் என்பானிடம் உத்தரமேரூர் வட்டத்து உழவன் எவனும் பொருள் கொடுக்கமாட்டான். ஏரிநீரும் எருவும் களையெடுப்பும் நாளும் வேண்டும் என்று அவன் அறிவான். அவ்வறிவே இங்கும் வேண்டுவது.

இனி, தமிழுக்கே உரிய சிக்கல்களைக் காண்க. இணையத்தில் தமிழ் முதன்முதல் எழுதப்பெற்ற காலத்தில் ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. ஒருவர் எழுதியது மற்றொருவர் கணிப்பொறியில் பொருளற்ற கீறல்களாகத் தோன்றிற்று. மாந்தர்க்கே விளங்காத அவ்வெழுத்தைத் தேடுபொறி எவ்வாறு படிக்கும்? தமிழிற் பல்லாயிரம் பக்கங்கள் இருந்தும் தேடுவார்க்கு அவை இல்லாதனவாகவே இருந்தன. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியேற்றத்திற்கும் பொதுமை காண முயன்றனர். பின்னர் உலகப் பொதுவான ஒருங்குறி பரவிற்று. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசும் அதனை ஏற்றுக்கொண்டது. 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தான் பழைய குறியேற்றத்தில் வெளியிட்ட இலக்கியங்களையும் ஒருங்குறிக்கு மாற்றி வெளியிட்டது. இன்று பழந்தமிழ் நூலின் ஒரு சொல்லைத் தேடுவார்க்கு அது கிடைக்கின்றதெனின், அப்பெரும்பணியே அதற்குத் தலையாய கரணியம். அதனைச் செய்தவர் வரிசையில் முந்துதற்கென ஒரு சூழ்ச்சியும் செய்தாரல்லர். நூலைப் பிழையின்றித் தட்டெழுதினர், ஒப்பு நோக்கினர், எல்லார்க்கும் பொதுவாக வைத்தனர். சுட்டத்தக்கதாக இருந்தமையின் பிறர் அதனைச் சுட்டினர்.

மற்றொரு பாடமும் உண்டு. 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில், 2009ஆம் ஆண்டளவில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு கூலி பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகள் பலவற்றைத் தமிழாக்கிச் சேர்த்தது. அளவிற் பெரிய கட்டுரைகள், எண்ணிக்கையும் மிகுதி. ஆயின், நடை தமிழ்நடையாக இல்லை. தமிழ் படிப்பார்க்கு வேண்டாத தலைப்புகள் பல. உள்ளிணைப்புகள் பல இல்லாத பக்கங்களைச் சுட்டின. ஊதியம் கருதாது உழைத்துவந்த தமிழ் விக்கிப்பீடியர் வாளா இருந்தாரல்லர். குறைகளை வகைப்படுத்தி எழுதி, 2010ஆம் ஆண்டு போலந்து நாட்டின் கிதான்சுகு நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டின் முன்வைத்தனர். எண்ணிக்கையால் மொழி வளர்ந்துவிடாது; படிப்பார்க்குப் பயன்படும் தமிழே வேண்டும் என்பதே அவர்தம் உறுதிப்பாடு. இன்று தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை இலக்கத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு தமிழ்த் தேடல்கள் பலவற்றில் முன்னிற்கின்றது. பொறி எழுதிய தமிழ் வெள்ளமெனப் பாயும் இக்காலத்தில் அவர்கள் காட்டிய வழி முன்னினும் பன்மடங்கு இன்றியமையாததாகின்றது. பொறிகள் இன்று தமிழ் கற்பதும் வலைப்பக்கங்களிலிருந்தே. கெட்ட தமிழைக் குவித்து வைத்தால் அவை கெட்ட தமிழையே கற்று, அதனையே திருப்பித் தரும்.

அவ்வாறாயின், நேரிய வழியில் ஒரு தமிழ்ப் பக்கம் முன்னேறச் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, எழுதுவது எழுத்தாக இருத்தல் வேண்டும், படமாக இருத்தலாகாது. துண்டறிக்கையைப் படம்பிடித்து வலைத்தளத்தில் ஏற்றிவிட்டுத் தமிழ்த்தொண்டு முடிந்ததென்று அமைவார் பலர். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி உறுதியாகப் படித்தறியும் என்று கொள்ளலாகாது. கண்பார்வையற்றார்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அதனைப் படித்தல் அரிது. கல்வெட்டின் படத்தை இடுவோர், அதன் வாசகத்தையும் எழுத்தால் இட்டு, படம் இன்னதென்னும் குறிப்பையும் அதனோடு இணைத்து வைத்தல் வேண்டும். பார்வையற்றார்க்குச் செய்யும் அவ்வுதவியே தேடுபொறிக்கும் உதவியாதல் காண்க. நேரிய அமைப்பு என்பதன் பொருள் பெரும்பாலும் இதுவே: மாந்தர்க்கு உதவுவது பொறிக்கும் விளங்கும்.

இரண்டாவது, தலைப்பு. 'எங்கள் ஊரின் பெருமை' என்று தலைப்பிட்டால் எவ்வூர் என்று பொறி எங்ஙனம் அறியும்? 'உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகள்' என்று தலைப்பிட்டால் மாந்தரும் அறிவர், பொறியும் அறியும். தமிழ்ச் சொல் வேற்றுமையுருபேற்று ஊரை, ஊரால், ஊருக்கு, ஊரின் எனத் திரிவது. ஆகலின் சொல்லின் இயல்பு வடிவம் தலைப்பிலும் முதற்பத்தியிலும் ஒருமுறையேனும் நிற்றல் நன்று. உத்தரமேரூர் என்று எழுதுவாரும் உளர். உத்திரமேரூர் என்று எழுதுவாரும் உளர். இரண்டு வழக்கும் உண்டென்பதனைப் பக்கத்தின் தொடக்கத்திலேயே ஒருமுறை கூறிவிடின், எவ்வாறு தேடினும் அப்பக்கம் அகப்படும். அது சொல்லடுக்கன்று, படிப்பார் அறியவேண்டிய செய்தியே.

மூன்றாவது, தூய தமிழ்ச் சொற்களை ஆள்வார்க்குரிய தனிச்சிக்கல். 'மிதிவண்டி பழுது பார்த்தல்' என்று ஒருவர் எழுதி வைக்கின்றார். தேடுபவரோ 'சைக்கிள் ரிப்பேர்' என்று தட்டுகின்றார். ஒருபொருட் பன்மொழிகளைப் பொறி ஓரளவு அறியுமாயினும், புதிதாக ஆக்கிய கலைச்சொல்லையும் மக்கள் வாய்ச்சொல்லையும் எளிதில் இணைத்தறியாது. இதற்கு அஞ்சித் தூயசொல்லைக் கைவிடுதல் கோழைமை. மக்கள் சொல்லை அறவே விலக்கிவிட்டு, 'தமிழன் தேடவில்லை' என்று குறைகூறுதல் அறியாமை. தலைப்பிலும் உடலிலும் தூயசொல் நிற்க. முதற்பத்தியில், மக்கள் இதனை இவ்வாறு வழங்குகின்றனர் என்று வழக்குச்சொல் ஒருமுறை வருக. வழக்குச்சொல்லைத் தேடி வருபவர் தூயசொல்லைக் கற்றுச் செல்வர். பேருந்து என்னும் சொல் ஊர்தோறும் வழங்குவதற்கு அச்சொல் மக்கள் நாள்தோறும் பார்க்கும் இடத்தில் எழுதப்பெற்றதே கரணியம். இன்று மக்கள் நாள்தோறும் பார்க்கும் இடம் கைப்பேசித் திரை. அங்குக் கண்ணிற் படாத சொல் வழக்கூன்றாது.

நான்காவது, விரைவும் எளிமையும். சிற்றூர்த் தமிழர் பெரும்பாலும் கைப்பேசியிலேயே படிக்கின்றனர். பெரிய பெரிய படங்களும் அசையும் எழுத்துகளும் தாமே ஒலிக்கும் இசையும் நிறைந்த பக்கம் திறப்பதற்குள் அவர் பொறுமை இழந்து விலகுவர். பக்கத்தின் பெரும்பகுதி இரண்டரை நொடிக்குள் தோன்றுதல் நன்று என்று கூகுள் அளவு வகுத்துள்ளது. கைப்பேசிக்குப் பொருந்தாத பக்கங்கள் 2015 ஏப்பிரல் முதலே கைப்பேசித் தேடலில் பின்தள்ளப்படலாயின. பாதுகாப்பான இணைப்புடைமையும் 2014 முதல் ஒரு சிறு குறிப்பாகக் கருதப்படுகின்றது. இவற்றுள் ஒன்றேனும் ஏமாற்றன்று. படிப்பவர்க்குச் செய்யும் மதிப்பேயாம்.

ஐந்தாவதும் தலையாயதும் உள்ளடக்கம். பிறரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்தாலன்றி ஒரு பக்கம் முன்னிற்றற்கு உரிமையுடையதன்று. காஞ்சிபுரம் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும், அப்பெயரை இட்டு விற்பவரெல்லாம் காஞ்சிபுரம் நெசவாளரல்லர். 'சிறந்த பட்டு, மலிவான பட்டு' என்று நூறுமுறை எழுதும் விற்பனையாளனோடு சொல்லடுக்கிற் போட்டியிட்டு நெசவாளர் வெல்லவியலாது, வெல்லவும் வேண்டா. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தனவாகத் தனித்தனி நெய்யப்பெற்றுக் கோர்வையால் எவ்வாறு பிணைக்கப்பெறுகின்றன, சரிகையில் வெள்ளியும் பொன்னும் எவ்வாறு அமைகின்றன, கைத்தறிப் புடைவையை விசைத்தறிப் புடைவையினின்று வாங்குபவர் பிரித்தறிவது எங்ஙனம் என்பனவற்றைத் தம் தறியின் படத்தோடு ஒரு நெசவாளர் கூட்டுறவு விளக்கி எழுதுமாயின், அதனைப் படியெடுத்து ஒட்டுபவன் ஒருபோதும் அதற்கு இணையாகான். அறிந்தவன் எழுதியதற்கும் அறியாதவன் அடுக்கியதற்கும் உள்ள வேறுபாடு படிப்பவர்க்கு இரண்டு வரியிலே விளங்கிவிடும். அவர் அதனைப் பிறர்க்குச் சுட்டுவர், அச்சுட்டே இணைப்பு.

ஊர் வரலாற்றை எழுதுவார்க்கும் இதுவே நெறி. உத்தரமேரூரைப் பற்றி எழுதுவார் பலர், 'உலகின் முதற் குடியாட்சி' என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிடுகின்றனர். 2020 திசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் தலைமையமைச்சர் இவ்வூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்ட பின்னர் அத்தகைய பக்கங்கள் மேலும் பெருகின. கல்வெட்டைப் படித்தவர் அறிவர்: அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட நான்மறையோர் ஊர், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் எடுத்த வீடும், மறைப்பயிற்சியும் உடையார்க்கே ஓலை எழுதப்பெற்றது, உழுத குடிகளுக்கும் பெண்டிர்க்கும் அங்கு இடமில்லை. எல்லாரும் ஓலையிட்டாருமல்லர், குடத்தினின்று எடுத்ததே தேர்வு. ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் வழக்கமோ அவ்வூர்க்கு முற்பட்டது. அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே அது குறிக்கப்பெறுகின்றது. இவ்வளவையும் மறையாது எழுதினால் ஊரின் பெருமை குறைந்துவிடுமோ என்று அஞ்சுவார்க்கு ஒன்று கூறலாம்: கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்று கல்லிற் பொறித்த ஊர்க்கு, உண்மையை மறைத்து எழுதும் புகழுரை இழுக்கேயன்றிப் பெருமையன்று. ஆண்டு வாரியத்தார் பன்னிருவர், தோட்ட வாரியத்தார் பன்னிருவர், ஏரி வாரியத்தார் அறுவர் என்னும் பகுப்பையும், பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் என்னும் ஏரிப் பெயரையும், ஏரியின் இன்றைய நிலையையும் நேரிற் கண்டு எழுதும் ஒரு பக்கம், புகழுரைப் பக்கங்கள் நூற்றினும் மேலானது. எழுதியவர் யார், எந்நாளில் எழுதினார், எதனைப் பார்த்து எழுதினார், எந்நாளில் திருத்தினார் என்பனவும் அதில் இருத்தல் வேண்டும். கணக்குக் காட்டுதல் என்பது எழுதுபவனுக்கும் உரியது.

இவ்வளவும் செய்த பின்னரும் வரிசை கிட்டாமற் போதலும் உண்டு என்பதனை மறைத்தலாகாது. உத்தரமேரூரில் குடம் எல்லாரும் காண உயர்த்திக் காட்டப்பெற்றது. இன்றைய தேடுபொறியின் குடத்தை எவரும் கண்டாரில்லை. வரிசைப்படுத்தும் முறை ஒரு வணிக நிறுவனத்தின் கமுக்கம். விதி வகுப்பதும், தீர்ப்பளிப்பதும், அத்தீர்ப்பின் அருகிலேயே விளம்பர இடம் விற்றுப் பொருளீட்டுவதும் அதுவே. அமெரிக்காவின் பொதுத்தேடலில் நூற்றுக்குத் தொண்ணூறளவு கூகுள் ஒன்றின் கையிலிருப்பதையும், அம்முற்றுரிமையைச் சட்டத்திற்குப் புறம்பாக அது காத்துவந்ததையும் அந்நாட்டு நடுவர் அமித்து மேத்தா 2024 ஆகத்து 5ஆம் நாள் தம் தீர்ப்பிற் கூறினார். விதி மாறும் நாளில் நேரிய பக்கமும் சிலபொழுது பின்தள்ளப்படுதல் உண்டு. அதற்கு மேன்முறையீடு செய்யத்தக்க ஊரவை எங்கும் இல்லை.

எனின், நேர்மையால் என்ன பயன் என்று வினவுவார்க்கு விடை இது. ஏமாற்றி முன்னேறியவன் அந்த ஒரு நிறுவனத்தின் பிடியிலேயே இருக்கின்றான். விதி மாறிய அன்றே அவன் கைப்பொருள் போய்விடுகின்றது. நேர்மையாக எழுதியவனுக்கு வரிசை போனாலும் எழுதியது போவதில்லை. பிற தேடுபொறிகள் அதனைக் காணும்; விக்கிப்பீடியா அதனைச் சான்றாகச் சுட்டும்; ஆசிரியர் மாணவர்க்குக் காட்டுவர்; மாணவர் அச்செடுத்து வைத்துக்கொள்வர். தமிழர் ஒருவர் பக்கத்தை ஒருவர் சுட்டும் வழக்கத்தை வளர்த்தல் இங்கு மிகவும் வேண்டற்பாலது. ஒரே ஊரில் உள்ள பள்ளியும், நூலகமும், தமிழ்மன்றமும், நெசவாளர் சங்கமும் தத்தமக்கென வலைப்பக்கம் வைத்திருந்தும், ஒன்று மற்றொன்றைச் சுட்டுவதில்லை. பொருள் கொடுத்துப் பொய்யிணைப்பு வாங்குவதற்கு ஆள் உண்டு. பொருள் செலவின்றி மெய்யிணைப்புத் தருவதற்கு மனமில்லை. பிறரிடமிருந்து எடுத்ததை இன்னாரிடமிருந்து எடுத்தது என்று கூறி அவர் பக்கத்தைச் சுட்டுதல், திருட்டையும் ஒழிக்கும். மெய்யான முதலாசிரியரை முன்னிறுத்தவும் செய்யும்.

தமிழ்மன்றங்களும் தமிழாசிரியர்களும் இப்பணியைத் தொடங்குதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. திங்களுக்கு ஒரு பக்கம் போதும். தம் ஊரின் கல்வெட்டு ஒன்று, ஏரி ஒன்று, கைத்தொழில் ஒன்று, அத்தொழிலார் வாயில் வழங்கும் சொற்கள் இருபது. இவற்றை மாணவரைக் கொண்டே நேரிற் கேட்டும் கண்டும் எழுதுவிக்கலாம். தறிக்குழியிலும் வயல்வரப்பிலும் வழங்கும் தூயதமிழ்ச் சொற்கள், எழுதப்பெறாமையாலேயே முதியவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. அவை ஒருமுறை ஒருங்குறி எழுத்தில் ஏறிவிடின், உலகின் எம்மூலையிலிருந்து தேடினும் கிடைக்கும். எழுதியதைப் பிழைதிருத்துக, சான்று காட்டுக, நாளிடுக, அடுத்த ஊரார் எழுதியதைச் சுட்டுக, ஆண்டுக்கொருமுறை மீண்டும் படித்துப் பார்த்து மாறியதை மாற்றுக. இவை ஐந்தும் பழைய புலவர் ஏட்டிற் செய்த வேலைகளே; இன்று திரையிற் செய்யவேண்டியிருக்கின்றன.

தமிழ் பற்றித் தேடுகின்றவன் முன் நிற்கவேண்டியது உண்மையான தமிழ்ப் பக்கம். அது அங்கு நில்லாவிடின் அவ்விடம் வெறுமையாக இராது. பொய்யும் படியெடுப்பும் அவ்விடத்தை நிரப்பும். தமிழர் எழுதாத இடத்தில் தமிழைப் பற்றிப் பிறர் எழுதுவர். அறிந்தவர் எழுதாத இடத்தில் அறியாதவர் எழுதுவர். எழுதத் தெரிந்த ஒவ்வொரு தமிழாசிரியரும் இவ்வாண்டிற்குள் தம் ஊரைப் பற்றிய பக்கம் ஒன்றையேனும் பிழையின்றி, மறைவின்றி, சான்றோடு எழுதி வைப்பாராக!